கீழே ஒரு புள்ளி

டாக்டர் தணிகாசலத்தின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவன்
குடியாத்தத்தில் நான் ஒருவன்தான்.
சில நாள் அவருக்கே தெரியாது.
ஆள் அனுப்பிக் கேட்பார்:
'பாய், நேத்து அந்த லுங்கிக்காரருக்கு என்ன எழுதினேன்?'

தரணம்பேட்டையில் எதிரெதிரே
அவர் கிளினிக், என் மெடிக்கல்.
அவர் பலகையில் பட்டம், நேரம், ஞாயிறு விடுமுறை.
'விடுமுறை'யை வெயில் தின்றுவிட்டது.
திரும்ப எழுதச் சொல்லவில்லை அவர்.

முப்பத்தோரு வருடம்
சீட்டுகள் தெருவைக் கடந்து வந்தன,
பீடி சுற்றுகிற விரல்களில்,
தீப்பெட்டி மருந்து காய்ந்த விரல்களில்.
மையில் விழுந்த எறும்பு ஊர்ந்து போனதுபோல் ஒரு கோடு,
அது வயிற்றுப்போக்கு.
எறும்பு இரண்டு முறை திரும்பிப் பார்த்திருந்தால்
சீதபேதி.

மருந்தின் பெயருக்குக் கீழே புள்ளி இருந்தால்
காசு கேட்கக்கூடாது.
இதை அவர் வாயால் சொன்னதில்லை.
முதல் புள்ளியை மைச்சிதறல் என்று நினைத்து
ஒரு பீடிக்காரம்மாவிடம் பதினெட்டு ரூபாய் வாங்கிவிட்டேன்.
மாலையில் தெருவைக் கடந்து வந்தார்.
பதினெட்டை எண்ணி மேசையில் வைத்தார்,
அந்தம்மாவிடம் கொடுத்துவிடச் சொன்னார்.
என் ரசீதுப் புத்தகத்தில்
தாள் கிழியும்படி ஒரு புள்ளி குத்தினார்.
போய்விட்டார்.

மாசக் கடைசியில் கணக்குத் தீர்க்கும்போது சண்டை.
'இத்தனை புள்ளியா? நீயே போட்டிருப்பே பாய்.'
இரண்டு நான் போட்டதுதான்.
அந்த இரண்டுக்கு மட்டும் அவரிடம் வாங்கவில்லை.

நல்லவர் என்று சொல்லி நிறுத்தினால் பொய்.
சர்க்கரைக்காரன் மைசூர்பாகு தின்றது தெரிந்தால்
பஸ் ஸ்டாண்டு வரை கேட்கக் கத்துவார்.
என் மச்சானை ஒருமுறை
செருப்பைப் போடவிடாமல் துரத்தினார்.

நெல்லூர்பேட்டை பச்சையப்பன் மகளை
வெறும் காய்ச்சல் என்று அனுப்பியதும் அவர்தான்.
மூன்றாம் நாள் கழுத்து விறைத்தது.
வேலூருக்குப் போன கார்
பள்ளிகொண்டாவிலிருந்து திரும்பி வந்தது.
அதன் பின் ஒரு மாதம்
தும்மினவனையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார்.
சீட்டில் எழுத்து திடீரென்று தெளிவாகிவிட்டது,
இரட்டைக்கோடு நோட்டில் எழுதுகிற பிள்ளைபோல்.
யாரும் படிக்கலாம்.
எனக்குப் பயமாக இருந்தது.
பழையபடி கிறுக்கிய நாளில்தான்
சோறு இறங்கியது.
பச்சையப்பன் பிறகும் அவரிடம்தான் வந்தான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.

சிரசுத் திருவிழா அன்று
வெயிலில் மயங்கினவர்களை ஆற்றுப்பக்கமிருந்து தூக்கிவருவார்கள்.
பெஞ்சு போதாமல் என் கடைப் படியிலும் உட்காரவைத்து
குடத்தில் உப்பும் சர்க்கரையும் கரைத்து
டம்ளர் டம்ளராகக் கொடுப்பார்.
போன வைகாசியில் குடத்தை அவர் தூக்கவில்லை.
பையனைத் தூக்கச் சொன்னார்.
பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

மார்கழியில் இறந்தார்.
காரியம் முடிந்த மறுநாள்
கோகிலாம்மா கடைக்கு வந்தார்கள்.
டைரிக்குள் ஒரு சீட்டு இருந்ததாம்.
மகள் கோவையில் இருக்கிறாள், அவளும் டாக்டர்,
அவளுக்கும் புரியவில்லையாம்.
'எண்ணு மட்டும் தெரியுது. என்ன எழுதியிருக்கார், பாய்?'

நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் அவர் பெயர்.
வயது அறுபத்தெட்டு.
தையிலிருந்து மாதத்துக்கு ஒரு எடை,
எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, அறுபத்துநாலு,
இறங்கி இறங்கி நாற்பத்தொன்பது.
கணையம் என்று ஒரு சொல். பக்கத்தில் கேள்விக்குறி.
வேறு மையால் கேள்விக்குறியை அடித்திருந்தார்.
மருந்து எழுதும் இடம் காலி.
காலி இடத்துக்குக் கீழே
ஒரு புள்ளி.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.
மறுபடியும் துடைத்தேன்.
'பழைய பேப்பர் போட்ட கணக்கும்மா,
கிலோ குறிச்சிருக்கார்.'

அவர்கள் சீட்டை வாங்கி
பழைய மடிப்பிலேயே மடித்தார்கள்.
'ஒரு பேப்பரைக்கூட எடைக்குப் போட விட்டதில்லையே, பாய்'
என்றார்கள்.
லாரி ஒன்று போகும்வரை படியில் நின்று
தெருவைக் கடந்தார்கள்.